கருவுறுமுன் காக்கும் கடமை



ஒரு குழந்தையின் வாழ்வு எந்நாளில் தொடங்குகின்றது என்று கேட்டால், நம்முட் பலர் அது பிறந்த நாளையே கூறுவோம். சோதிடர் சாதகம் கணிப்பதும் அந்நாளைக் கொண்டே. சற்று ஆழ்ந்து சிந்திப்போர் தாய் கருவுற்ற நாளைக் கூறுவர். மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின் இவ்விரு விடைகளும் போதா என்பது புலனாகும். பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணும் செவியும் இதயமும் மூளையும் செவ்வனே அமையுமா என்பதன் ஒருபகுதி, அக்குழந்தை கருவாகுமுன்னரே, தாயாகப் போகும் பெண்ணின் உடல்நிலையினால் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் ஐயமற ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி சென்றது. அது எங்கெங்கே, எவரெவரால், எவ்வாறு அறியப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் நாம் அறிந்த வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மேனாட்டு வைத்தியர்களும் பெரும்பாலும் பிரசவ வேளையிலேதான் தாயின் அருகிற் சென்றனர். கருவுற்ற காலத்திலேயே தாயைக் கவனித்தல் வேண்டும் என்று வற்புறுத்தியோருள் முதன்மையானவர் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்து வைத்தியர் பலன்ரைன் என்பவர். 1901ஆம் ஆண்டில், கருவுற்ற மாதரைப் பிரசவத்துக்கு முன்னரே சேர்த்துப் பேணுவதற்கு ஒரு தனி வைத்தியசாலை வேண்டும் என்று அவர் எழுதினார். கருப்பவதிகளின் சிகிச்சை நிலையங்கள் என இன்று நாம் காண்பனவற்றுக்கெல்லாம் வித்திட்ட எண்ணங்களுள் இதுவும் ஒன்று.

இலங்கையும் இவ்வழியிற் பின்தங்கி நிற்கவில்லை. கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் நிறுவப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்று கருவுற்ற மாதரைப் பதிந்து பேணும் முறை அதன்வழிப் பரவியது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்த நாடு இது. இன்று அவ்வெண் ஐம்பதுக்கும் குறைவு. உலகம் வியந்து நோக்கிய சாதனை இஃது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்பெரும் பணி முழுவதும் ஓர் எல்லைக்கோட்டுக்கு இப்பாலேயே நடைபெற்றது. பெண் ஒருத்தி தான் கருவுற்றதை உணர்ந்து, வீட்டாருக்குச் சொல்லி, மருத்துவமாதின் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட பின்னரே அவளுக்குரிய கவனிப்புத் தொடங்கிற்று. அக்கோட்டுக்கு அப்பால் இருந்த காலத்தைப் பற்றி நெடுங்காலம் எவரும் சிந்திக்கவில்லை.

அக்காலம் எத்துணை முக்கியமானது என்பதை விளக்க ஒரு கணக்கைச் சொல்லுகின்றேன். கருவின் தொடக்கத்தில் மூளையும் முள்ளந்தண்டு நாணும் ஒரு தட்டையான படலமாகவே இருக்கின்றன. வெற்றிலையின் இரு ஓரங்களும் மேலெழுந்து மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, அப்படலத்தின் ஓரங்கள் மடிந்து கூடி ஒரு குழாயாகின்றன. இதனை நரம்புக்குழாய் என்பர். குழாயின் கீழ்ப்பகுதி மூடாதுபோனால் குழந்தை பிளவுபட்ட முள்ளந்தண்டோடு பிறக்கின்றது. கால்கள் செயலற்றுப் போதலும் உண்டு. மேற்பகுதி மூடாதுபோனால் மூளை உருவாவதில்லை, அக்குழந்தை பிழைப்பதில்லை. இக்குழாய் மூடி முடிவது கருத்தரித்து ஏறத்தாழ 28ஆம் நாளில். அந்நாளில் தாய்க்கு மாதவிலக்குத் தவறி இரு வாரமளவே ஆகியிருக்கும். பலர் அதனை ஐயத்தோடு நோக்கிக்கொண்டிருக்கும் வேளை அது. மறுநாளே அவள் வைத்தியரிடம் விரைந்து சென்றாலும், அந்தக் கதவு ஏற்கனவே அடைபட்டுவிட்டது.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்திய மூன்று வரலாறுகளை இனிக் காண்போம். ஒன்று அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும், மற்றொன்று மலைநாடுகளிலும், பிறிதொன்று நம் அயலிலுள்ள பம்பாய் நகரிலும் தொடங்குகின்றன.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் என்பார் ஒரு விந்தையைக் கண்டார். பிறவியிலேயே கண்ணில் வெண்படலம் படர்ந்த குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் கொண்டுவரப்பட்டனர். முதியோரைப் பற்றும் அந்நோய் பச்சிளங் குழந்தைகளில், அதுவும் ஒரே காலத்திற் பலரில், தோன்றியது ஏன் என்று அவர் சிந்தித்தார். காத்திருந்த தாய்மார் இருவர், தாம் கருவுற்ற தொடக்கத்தில் தமக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்தமை பற்றித் தம்முட் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது என்று கூறுவர். முந்திய ஆண்டில் அந்நோய் அந்நாட்டிற் பெருவாரியாகப் பரவியிருந்தது. கிரெக் தம்மிடம் வந்த தாய்மாரை விசாரித்தார். பிற வைத்தியருக்கும் எழுதிக் கேட்டார். 78 குழந்தைகளின் விவரங்கள் திரண்டன. அவர்களுள் 68 பேரின் தாய்மாருக்குக் கருப்பகாலத்தில் அந்நோய் கண்டிருந்தது. பெரும்பாலோருக்குக் கருவுற்ற முதல் மாதங்களிலேயே கண்டிருந்தது. குழந்தைகள் பலருக்கு இதயத்திலும் குறைபாடு காணப்பட்டது.

1941 ஒக்டோபர் மாதத்தில் மெல்பேர்ண் நகரிற் கூடிய கண் வைத்தியர் சபையில் கிரெக் இதனை வெளியிட்டார். மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஜேர்மன் சின்னமுத்து, ருபெல்லா என்னும் அந்நோய், இரண்டு மூன்று நாட் காய்ச்சலோடும் சிறு தடிப்புக்களோடும் தானே அகன்றுவிடும் எளிய நோய். அத்தகைய நோய் கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணைப் பறிக்கும் என்பதை எவ்வாறு ஏற்பது? கருப்பை என்பது கோட்டை மதிலைப் போன்றது. தாய்க்கு வரும் நோய் அம்மதிலைத் தாண்டாது என்பதே அக்காலத்துப் பலரின் எண்ணம். 1944இல் இலண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்று, கிரெக்கின் கூற்று இன்னும் நிறுவப்படவில்லை என்றே எழுதிற்று.

ஐயத்தை அகற்றியவர்களுள் ஒருவர் புள்ளிவிவர அறிஞரான லங்காஸ்டர். அவர் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார். அவுஸ்திரேலியாவில் 1911இலும் 1921இலும் எடுக்கப்பட்ட மதிப்பீடுகளிற் செவிடர்களின் பிறந்த ஆண்டுகளைக் கணக்கிட்டபோது, குறித்த சில ஆண்டுகளிற் பிறந்தோரிடையே செவிடர் தொகை மிகுந்திருந்தமை தெரிந்தது. அவ்வாண்டுகள் ஜேர்மன் சின்னமுத்துப் பரவிய காலத்தோடு பொருந்தின. 1951இல் அவர் இதனை வெளியிட்டார். பல்லாண்டுகளாக அரசாங்கப் பதிவேட்டிலே உறங்கிக்கிடந்த செய்தி, கேள்வி கேட்பார் ஒருவர் தோன்றியதும் வாய் திறந்து பேசிற்று.

1962இல் அந்நோயின் வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. அதனை அடுத்து 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் ஒன்றேகால் கோடி மக்களை அந்நோய் பற்றியது. ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தன. 1969இல் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. இங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அத்தடுப்பூசி வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரசினால் ஆனது. ஆதலால் கருவுற்ற பெண்ணுக்கு அதனைப் போடுதல் ஆகாது. போட்டபின் ஒரு மாதமாவது கருவுறாதிருத்தல் வேண்டும் என்பது விதி. எவரைக் காக்க வேண்டுமோ அவர் கருவில் வந்தபின் இந்த மருந்தினாற் பயனில்லை. கருவுறுமுன் காத்தல் என்பது இங்கே மருந்தின் இயல்பே இட்ட கட்டளையாயிற்று.

இரண்டாவது வரலாறு மலைநாடுகளுக்குரியது. சுவிற்சலாந்தின் பள்ளத்தாக்குகளில் கழுத்து வீங்கிக் கண்டக்கழலையோடு வாழ்ந்த மக்கள் பலர். அவர்களிடையே வளர்ச்சி குன்றி, அறிவு மந்தமாய், செவியும் பேச்சும் இழந்து பிறக்கும் குழந்தைகளும் பல இருந்தன. நீரும் காற்றும் பரம்பரையும் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. உண்மைக் காரணம் அயடீன் என்னும் தாதுப்பொருளின் குறைவு. கடற்பாசியின் சாம்பலிலிருந்து அப்பொருள் 1811இற் கண்டறியப்பட்டது. மழைநீர் மண்ணிலுள்ள அயடீனை அரித்துச் செல்வதால், கடலுக்கு எட்டாத மலைநாட்டு மண்ணில் அது அருகியே காணப்படும். அம்மண்ணில் விளைந்ததை உண்டு வாழ்வோரின் தைரொயிட்டுச் சுரப்பி அயடீனுக்கு ஏங்கி வீங்குகின்றது. 1922இல் சுவிற்சலாந்து உப்பிலே சிறிதளவு அயடீனைக் கலக்கும் முறையைத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் அந்நோயின் கொடுமை அகன்றது.

உப்பு நோயைத் தடுத்தது. ஆயினும் அயடீன் தாய்க்கு எக்காலத்திற் கிடைத்தல் வேண்டும் என்ற கேள்விக்கு விடை வந்தது உலகின் மற்றொரு மூலையில். 1966இல் பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்திலுள்ள ஜிமி பள்ளத்தாக்கில், பீற்றர் பேரோ, பசல் ஹெற்சல் முதலானோர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். குடும்பங்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு அயடீன் சேர்ந்த எண்ணெயையும், மற்றவருக்கு வெறும் உப்புநீரையும் ஊசிமூலம் செலுத்தினர். பின்னர்ப் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கிற் கண்காணித்தனர். அயடீன் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுள் அறிவு மந்தமாய்ப் பிறந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் பெரும்பாலோரின் தாய்மார் ஊசி போடப்பட்ட நாளில் ஏற்கனவே கருவுற்றிருந்தனர். 1971இல் இம்முடிவு வெளியாயிற்று. குழந்தையின் மூளையைக் காக்க வேண்டுமாயின் அயடீன் தாயின் உடலிற் கருத்தரிக்குமுன்பே இருத்தல் வேண்டும் என்பது நிறுவப்பட்டது.

இனி மூன்றாவது வரலாறு. இது நம் அயலிலே தொடங்குவது, நீண்டகாலம் நடந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த பெண்கள் கருவுற்ற காலத்திற் கொடிய இரத்தச்சோகையுற்று மடிந்துகொண்டிருந்தனர். அதன் காரணத்தை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. நோய்க்கிருமி ஏதேனும் உண்டோ என முதலில் தேடினார், அகப்படவில்லை. பின்னர் அப்பெண்கள் உண்ட உணவை நோக்கினார். செல்வர் வீட்டுப் பெண்களை அந்நோய் அதிகம் தீண்டவில்லை. பழமும் காய்கறியும் அரிதாகவே கண்ட ஏழை மாதரையே அது வதைத்தது. அதே உணவைக் குரங்குகளுக்கு ஊட்டியபோது அவையும் இரத்தச்சோகையுற்றன. பல பொருள்களைக் கொடுத்துப் பார்த்தும் பயன் கிட்டாதிருக்க, ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது விரைந்து தேறிற்று. நம் வீடுகளிற் பாணிலே பூசி உண்கின்ற, மதுவச் சத்திலிருந்து செய்யப்படும் அதே மார்மைட்தான். பெண்களுக்கும் அதனைக் கொடுத்தார், அவர்களும் தேறினர். 1931இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். அம்மதுவச் சத்தில் இருந்த குணமளிக்கும் பொருள் யாதென அவர் அறியார், உலகமும் அறியவில்லை. அதனை வில்ஸ் காரணி என்றே பலர் வழங்கினர்.

1941இல் அமெரிக்க ஆய்வாளர் பசளிக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய பொருளின் அடையாளம் இவ்வாறு தெளிவாயிற்று. சில ஆண்டுகளில் அதனை ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கியளித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திர நாட்டின் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்று அங்கேயே 1948இல் மறைந்த மேதை அவர்.

இதுவரை போலிக் அமிலம் தாயின் இரத்தத்துக்குரிய மருந்தாகவே கருதப்பட்டது. அது குழந்தையின் உருவத்தோடு தொடர்புடையது என்ற ஐயத்தை முதலில் எழுப்பியோர் லிவர்ப்பூல் நகர வைத்தியரான ஹிபார்ட்டும் சிமித்தெல்சும். மூளை, முள்ளந்தண்டு முதலியவற்றிற் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாரிடையே போலிக் அமிலக் குறைபாட்டின் அறிகுறி மிகுந்து காணப்படுவதை அவர்கள் 1965இல் வெளியிட்டனர். சிமித்தெல்ஸ் அவ்வெண்ணத்தைக் கைவிடவில்லை. முன்னர் அத்தகைய குழந்தையைப் பெற்று, மீண்டும் தாயாக விரும்பிய பெண்களுக்கு, கருவுறுமுன்பிருந்தே விற்றமின்களை அளித்துப் பார்த்தார். 1980இல் முடிவு வெளிவந்தது. விற்றமின் பெற்ற தாய்மாரின் 178 குழந்தைகளுள் ஒன்றுக்கே அக்குறை நேர்ந்தது. பெறாதோரின் 260 குழந்தைகளுள் 13 குழந்தைகளுக்கு நேர்ந்தது.

இத்தனை தெளிவான முடிவு கண்டும் உலகம் தயங்கியது ஏன் என்று நேயர்கள் வினவலாம். விமரிசகர் கூறியதிலும் நியாயம் இருந்தது. விற்றமின் எடுக்க முன்வந்த பெண்கள் இயல்பாகவே வசதியும் விழிப்பும் உடையோராய் இருந்திருக்கலாம். குறை குறைந்தமைக்கு அதுவே காரணமாகலாம் அன்றோ? இந்த ஐயம் எழாதிருக்க, ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட வேண்டும் என்று சிமித்தெல்ஸ் முதலில் விரும்பினார். அதற்கு ஒழுக்கநெறிக் குழுக்கள் இசையவில்லை. நன்மை பயக்கக்கூடியதை ஒரு சாராருக்கு மறுப்பது தகாது என்று கருணையினாற் சொல்லப்பட்ட அத்தடையே, பின்னர் உண்மையை நிறுவுவதற்குத் தடையாயிற்று.

முடிவில் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1983இல் ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கியது. நிக்கொலஸ் வால்ட் என்பவர் அதனை வழிநடத்தினார். ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் 1,817 பெண்கள் அதிற் சேர்ந்தனர். யாருக்கு எது கொடுக்கப்படுகின்றது என்பது திருவுளச்சீட்டு முறையாலே தீர்மானிக்கப்பட்டது. குழந்தைகளில் 27 பேருக்கு நரம்புக்குழாய்க் குறை நேர்ந்தது. அவருள் 6 பேரின் தாய்மாரே போலிக் அமிலம் பெற்றோர், 21 பேரின் தாய்மார் பெறாதோர். நன்மை ஐயமறத் தெரிந்தமையால் 1991 ஏப்ரிலிற் பரிசோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவு அவ்வாண்டே வெளியிடப்பட்டது. மறு ஆண்டில், ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் சைசல் என்பவர் நடத்திய ஆய்வு மற்றொன்றைக் காட்டிற்று. முன்னர்க் குறையுள்ள குழந்தை பெறாத சாதாரணப் பெண்களுக்கும் இச்சத்து அதே காவலை அளிக்கும் என்பதே அது. அங்கே மாத்திரை பெற்ற இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாருள் ஒருவருக்கேனும் அக்குறையுள்ள குழந்தை பிறக்கவில்லை. அதேயளவு மற்றைய தாய்மாரிடையே ஆறு குழந்தைகள் அவ்வாறு பிறந்தன.

பம்பாயில் வில்ஸ் மதுவச் சத்தைக் கையிலெடுத்த காலத்துக்கும் இந்த முடிவுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் சென்றன. லூசி வில்ஸ் 1964இல் காலமானார்; தம் கண்டுபிடிப்பின் இப்பெரும் பயனை அவர் அறிந்திலர்.

இம்மூன்று வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரே பாடம் புலப்படும். நோய் வேறு, நாடு வேறு, மருந்து வேறு. ஆனால் மூன்றிலும் உதவி வந்தடைய வேண்டிய காலம் ஒன்றே. தாய் தன்னைத் தாயென அறியாத காலம் அது. தன்னிடம் ஒரு கரு உண்டென்று அறியாத பெண் அக்கருவுக்காக என்ன செய்தல் கூடும்? மேலும், உலகில் நிகழும் கருத்தரிப்புக்களில் ஏறத்தாழப் பாதி முன்கூட்டித் திட்டமிடப்படாதவை. ஆகவே இக்கடமையைத் தனியொரு பெண்ணின் தலையிற் சுமத்துதல் பொருந்தாது. சுவிற்சலாந்து அதனை உப்பிலே கலந்தது. ஐக்கிய அமெரிக்கா 1998 முதல் போலிக் அமிலத்தைத் தானிய மாவிலே கலக்கச் சட்டம் செய்தது. பல நாடுகள் தடுப்பூசியைப் பாடசாலைச் சிறுமியருக்கே போட்டன. பெண் நினைத்தாலும் நினையாவிட்டாலும், அறிந்தாலும் அறியாவிட்டாலும், காவல் அவளை அடைந்தது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களிற் குறையோடு குழந்தை பிறந்தால் முதலிற் குற்றஞ் சாட்டப்படுபவள் தாயே. கிரகணவேளையில் வெளியே வந்தாள் என்பர். ஆகாததை உண்டாள் என்பர். முற்பிறப்பின் வினை என்பர். பெற்றவளின் துயரத்தோடு பழியும் சேர்ந்து அவளை அழுத்துகின்றது. சிட்னியிலே கிரெக்கிடம் வந்த தாய்மார் செய்த குற்றம் யாது? ஊரெங்கும் பரவிய காய்ச்சல் அவர்களையும் தீண்டியது. பம்பாய் ஆலைப் பெண்கள் செய்த குற்றம் யாது? கிடைத்ததை உண்டனர், அதற்குமேல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாயின் ஒழுக்கத்திலே காரணம் தேடியவரை மருத்துவம் முன்னேறவில்லை; அவள் வாழ்ந்த சூழலிலும் உண்ட உணவிலும் காரணம் தேடிய நாளிலேதான் குழந்தைகள் காப்பாற்றப்பட்டன. எல்லாக் குறைகளுக்கும் காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை என்பதும், எல்லாக் காவலும் செய்தும் சில குழந்தைகள் குறையோடு பிறத்தல் உண்டு என்பதும் இங்கே மறக்கத்தக்கன அல்ல. அக்குழந்தைகளும் பெற்றோரும் நம் அன்புக்கும் உதவிக்கும் உரியர். பழிக்கு உரியர் அல்லர்.

இந்தப் பாடத்தை நம் நாடும் கற்றது. தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் கண்டக்கழலை நெடுங்காலமாக இருந்துவந்தது. 1995இல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டது. 1996இல் பிள்ளைபெறும் வயதினரான பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கிற்று. பின்னர்க் குழந்தைகளுக்குரிய தடுப்பூசி அட்டவணையிலும் அது சேர்க்கப்பட்டது. 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடு என உலக சுகாதார தாபனம் இலங்கையை அறிவித்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பெற்ற வெற்றி இது. புதுமணத் தம்பதியரைக் கருவுறுமுன்னரே சந்தித்துப் பரிசோதிக்கவும் அறிவுரை கூறவும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழியாக ஒரு திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. பதிவேட்டின் எல்லைக்கோடு இவ்வாறு சற்றே முன்னோக்கி நகர்ந்துள்ளது.

ஆயினும் திட்டம் அலுவலகத்தில் இருந்தாற் போதுமா? திருமண அழைப்பிதழ் அச்சிட்டு, பொன்னுருக்கி, மண்டபம் தேடி, மாதக்கணக்கில் ஆயத்தஞ் செய்யும் நாம், மணமகள் உடலில் இரத்தம் போதிய அளவு உண்டா என்று கேட்பதில்லை. பொருத்தம் பார்க்கப் பத்துப் பொருத்தம் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் இரத்தப் பரிசோதனையைப் பற்றியதன்று. மணமானபின் ஆறு மாதம் கடந்தால், விசேடம் ஏதும் உண்டா என்று கேட்பதற்கு மட்டும் உறவினர் பலர் வந்துவிடுவர்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. தாயாக விரும்பும் பெண், கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலத்தை எடுத்து, கருவுற்ற பன்னிரண்டு வாரம்வரை தொடர்தல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. முன்னர்க் குறையுள்ள குழந்தையைப் பெற்றவருக்கு அளவு கூடுதலாதலின் அதனை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். கீரையும் பயறும் பருப்பும் இச்சத்தைத் தருவன. ஆயினும் நெடுநேரம் அவித்து நீரை வடித்துவிட்டால் சத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். ஆதலின் உணவோடு மாத்திரையும் தேவையாகின்றது. இரத்தச்சோகையைக் கருவுறுமுன் போக்குதல் எளிது; கருவுற்றபின் அதனோடு போராடுதல் அரிது. நீரிழிவு நோயுள்ள பெண் இரத்தத்திலுள்ள வெல்லத்தின் அளவைக் கட்டுப்படுத்தியபின் கருவுறுதல் வேண்டும். கட்டுப்பாடின்றிக் கருவுற்றாற் குழந்தையின் இதயம் முதலிய உறுப்புக்கள் குறையுறும் இடர் மிகுதி. ருபெல்லாத் தடுப்பூசி பெறாதோர் அதனை முன்கூட்டியே பெறுதல் வேண்டும். கணவன் புகைத்தலை விடுதலும் இவ்வாயத்தத்தின் ஒரு பகுதியே. இவற்றையெல்லாம் அவ்வப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ, உங்கள் ஊர் மருத்துவமாதிடமோ கேட்டறியலாம். கருவுற்றபின்தான் அவரை நாட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் கைவிடுதல் வேண்டும்.

இன்னும் ஒரு படி பின்னே செல்லவும் வேண்டும். பெண்ணின் உடல் மணமேடையில் ஏறும் நாளில் ஆயத்தமாவதில்லை. ஆண்மக்கள் உண்டபின் எஞ்சியதை உண்பது பெண்ணுக்கு அழகு என்று கருதும் வீடுகள் இன்றும் உள. காலையுணவின்றி வகுப்பறைக்கு வந்து, பதினொரு மணியளவிற் சோர்ந்து மேசையில் தலை சாய்க்கும் மாணவியரை, ஆசிரியத் தொழிலிலுள்ளோர் அனைவரும் கண்டிருப்பர். சோம்பல் என்று அதனைக் கடிந்து கூறுதல் எளிது. அச்சோர்வுக்குப் பின்னால் இரும்புச் சத்துக் குறைந்த இரத்தம் இருத்தல் கூடும் என்பதை அறிந்தமையாலேயே, பாடசாலைகளூடாக இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வாரந்தோறும் வழங்கும் முறை இந்நாட்டிற் கைக்கொள்ளப்பட்டது. அம்மாத்திரையைச் சிறுமியர் ஒளித்து எறிந்துவிடாது உண்பதற்கு, அதன் பயனை அவர்களுக்கு விளங்கச் சொல்லுதல் ஆசிரியரின் கடமையாகின்றது. அது பிறகொரு நாள் பிறக்கும் குழந்தைக்காக மட்டுமன்று. அச்சிறுமி இன்று நன்றாகக் கற்கவும் ஓடியாடவும் வேண்டும். அவளுடைய நலம் அவளுக்கே முதலில் உரியது. தாயாவதோ ஆகாதிருப்பதோ பின்னர் அவள் தீர்மானிக்கும் காரியம்.

பலன்ரைன் 1901இல், பிரசவத்துக்கு முந்திய மாதங்களைக் கவனியுங்கள் என்று உலகை வேண்டினார். அன்று அது புதுமையாகத் தோன்றியது. இன்று எவரும் மறுப்பதில்லை. அதற்கும் முந்திய மாதங்களைக் கவனியுங்கள் என்பது அதன்பின் வந்த நூறு ஆண்டுகளின் வரலாறு நமக்கு விடுக்கும் வேண்டுகோள். அதனை நிறைவேற்றப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு, ஓர் ஊசி, ஒரு சிறு மாத்திரை, உணவுவேளையிற் பெண்பிள்ளையின் தட்டிலும் நிறைவாகப் பரிமாறும் ஒரு கை ஆகியவையே வேண்டுவன.